எழுத்தில் 5, காதில் 3: பிரெஞ்சு வினைச்சொல்லும் முத்தியால்பேட்டைத் தமிழ்க் காதும்

பிரெஞ்சு மொழியில் 'பேசு' என்ற வினைச்சொல்லுக்கு நிகழ்காலத்தில் 6 வடிவங்கள். நான், நீ, அவன், நாங்கள், நீங்கள், அவர்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வடிவம். தாளில் எழுதினால் இந்த 6 வடிவங்களுக்கு 5 வகை எழுத்துக்கூட்டல் வரும். ஆனால் வாயால் சொன்னால் 3 சத்தம்தான் கேட்கும்: பர்ல், பர்லோன், பர்லே. நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவன் பேசுகிறான், அவர்கள் பேசுகிறார்கள் ஆகிய நான்கும் ஒரே 'பர்ல்' தான்!

பிரெஞ்சு படிக்கத் தொடங்கும் தமிழ் மாணவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இது. 'அவர்கள் பேசுகிறார்கள்' என்ற வடிவத்தின் கடைசியில் ஈ, என், டி என்று 3 எழுத்துகள் நிற்கும். அவற்றைப் பார்த்தவுடன் 'பர்லெண்ட்' என்று படித்துவிடுவார்கள். எழுத்து இருந்தால் சத்தம் இருக்க வேண்டும் என்பது தமிழ் படித்தவரின் இயல்பான எதிர்பார்ப்பு. அந்த எதிர்பார்ப்பு இங்கே ஏன் பொய்க்கிறது? அந்த 3 எழுத்துகளின் சத்தம் எங்கே போனது? இதற்கான விடை இலக்கணப் புத்தகத்தில் இல்லை, வரலாற்றில் இருக்கிறது. அந்த வரலாற்றில் புதுச்சேரிக்கும் அதன் வடக்கே உள்ள முத்தியால்பேட்டைக்கும் ஒரு பங்கு உண்டு.

(ஒரு சின்னக் குறிப்பு: பிரெஞ்சின் 'ழான்' போன்ற பெயர்களில் வரும் முதல் சத்தத்துக்குப் புதுச்சேரி எழுத்தாளர்கள் 'ழ' என்ற எழுத்தைப் பயன்படுத்துவது வழக்கம். அது தமிழின் ழகரம் அல்ல. இந்தக் கட்டுரையிலும் அதே வழக்கம்தான். 'பர்லோன்' என்பதில் உள்ள 'ன்' முழுமையாக ஒலிக்காது, மூக்கோடு நின்றுவிடும்.)

பேட்டையும் பட்டணமும்

பிரான்சுவா மர்த்தேன் 1674ல் புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியேற்றத்தைத் தொடங்கினார். பிறகு பட்டணம் வளர்ந்து அதைச் சுற்றி புல்வார் எனப்படும் அகன்ற சாலைகள் அமைந்தன. வடக்குப் புல்வார்தான் இன்றைய சர்தார் வல்லபபாய் படேல் சாலை. அதைத் தாண்டி வடக்கே போனால் முத்தியால்பேட்டை. நெசவாளர்களின் பேட்டையாக அறியப்பட்ட ஊர் அது. இன்று மகாத்மா காந்தி சாலையும் மணிக்கூண்டும் அதன் அடையாளங்கள். பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்த 1908 முதல் 1918 வரையிலான காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் குயில் தோப்பும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது.

கடற்கரையை ஒட்டிய வெள்ளையர் பகுதியில் பிரெஞ்சு வீட்டு மொழி. முத்தியால்பேட்டை போன்ற பேட்டைகளில் வீட்டு மொழி பெரும்பாலும் தமிழ். இங்கே இருந்தவர்களுக்குப் பிரெஞ்சு என்பது வேலைக்கும் வழக்குக்கும் வியாபாரத்துக்கும் போகும் இடத்தில் காதில் விழும் மொழி. புத்தகம் வருவதற்கு முன் காதுதான் பள்ளிக்கூடம்.

அந்தக் காது எவ்வளவு கூர்மையானது என்பதற்குச் சாட்சி புதுச்சேரித் தமிழிலேயே உள்ளது. 'முசே' என்றால் ஐயா. 'மதாம்' என்றால் அம்மணி. 'சொல்தா' என்றால் பிரெஞ்சுப் படையில் பணியாற்றியவர். 'லிசே' என்றால் பிரெஞ்சுப் பள்ளி. இந்தச் சொற்களில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

முதலாவது, பிரெஞ்சு எழுத்தில் இருந்தும் ஒலிக்காத எழுத்துகள் தமிழில் வரவே இல்லை. 'சொல்தா' என்பதன் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் கடைசியில் ஒரு டி உண்டு. எழுத்தைப் பார்த்து எடுத்திருந்தால் 'சொல்தாத்து' என்று ஆகியிருக்கும். ஆங்கிலத்திலிருந்து வந்த 'பாக்கெட்டு', 'டிக்கெட்டு' எல்லாம் அப்படி உகரம் ஏற்றவைதானே!

இரண்டாவது, சொல்லின் கடைசியில் நெடில் வந்திருக்கிறது: முசே, சொல்தா, லிசே. பிரெஞ்சுக்காரர் அழுத்தம் கொடுப்பது கடைசி ஒலியசையில். தமிழர் காதில் அந்த அழுத்தம் நீளமாகக் கேட்டது. எனவே நெடிலாக எழுதினார்கள்.

ஆனந்தரங்கப் பிள்ளை (1709–1761) 1736 முதல் எழுதிய நாட்குறிப்பில் 'முசே' என்ற சொல்லும் பிரெஞ்சுப் பெயர்களும் தமிழ் எழுத்தில் வந்துகொண்டே இருக்கும். அவை பெரும்பாலும் காதால் கேட்டு எழுதியவை. இன்றைய தெருப்பெயர்ப் பலகைகளிலும் அந்த மரபைப் பார்க்கலாம். 'துய்மா வீதி' என்ற பெயரில் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலின் கடைசி எஸ் காணாமல் போயிருக்கிறது, ஏனென்றால் அது ஒலிக்காத எழுத்து. உதட்டைக் குவித்துச் சொல்லும் அந்தப் பிரெஞ்சு உகரத்துக்குத் தமிழில் எழுத்து இல்லை என்பதால் 'துய்' என்று ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறார்கள். பிற மொழி ஒலிகளைத் தமிழில் எழுதும் சிக்கலைப் பாரதியாரும் 'தமிழில் எழுத்துக் குறை' என்ற கட்டுரையில் பேசினார்.

தெருவில் கிடைக்காத வினை

இவ்வளவு கூர்மையான காது இருந்தும், 'பர்லெண்ட்' என்ற தவறு எப்படி வந்தது?

மேலே சொன்ன சொற்கள் எல்லாம் பெயர்ச்சொற்கள். ஒரு மொழி இன்னொரு மொழியிடமிருந்து பெயர்ச்சொல்லைச் சுலபமாகக் கடன் வாங்கும். வினைச்சொல்லின் விகுதிகளைக் கடன் வாங்குவது அபூர்வம். தமிழ் இதற்கு ஒரு தந்திரம் வைத்திருக்கிறது. வேற்று மொழி வினையை ஒரு பெயர் போல எடுத்துக்கொண்டு 'பண்ணு' என்பதைச் சேர்த்துவிடும். 'போன் பண்ணினான்', 'டைப் பண்ணினாள்' என்பவை போல. காலமும் இடமும் காட்டும் வேலையைத் தமிழ் விகுதியே செய்துவிடும். வேற்று மொழியின் விகுதி வாசலோடு நின்றுவிடும்.

ஆகவே பிரெஞ்சுப் பெயர்ச்சொல் தெருவிலேயே கிடைத்தது. பிரெஞ்சு வினையின் 6 வடிவங்கள் வகுப்பறையில்தான் கிடைத்தன. வகுப்பறையில் முதலில் வருவது எழுத்து, பிறகுதான் சத்தம். காதால் வந்த 'சொல்தா' சரியாக வந்தது. கண்ணால் வந்த 'பர்லெண்ட்' தவறாக வந்தது.

இதில் தமிழ் இலக்கணத்தின் குறுக்கீடும் உண்டு. பேசுகிறேன், பேசுகிறாய், பேசுகிறார்கள் என்று தமிழில் விகுதியே ஆளைக் காட்டிவிடும். 'நான்' என்று சொல்லாமலே 'பேசுகிறேன்' என்றால் போதும். பிரெஞ்சில் அப்படிச் சொல்ல முடியாது. வெறும் 'பர்ல்' என்றால் யார் என்று தெரியாது. 'ழ பர்ல்' (நான்), 'துய் பர்ல்' (நீ), 'இல் பர்ல்' (அவன்) என்று முன்னால் ஒரு சொல் கட்டாயம் வேண்டும். தமிழ் வினை முதுகில் காட்டும் அடையாளத்தைப் பிரெஞ்சு வினை முகத்தில் காட்டுகிறது. முதுகில் தேடிப் பழகியவர் அங்கே மிச்சமிருக்கும் 3 எழுத்துகளைப் பிடித்துக்கொள்கிறார்.

ஒலியசை பிரிக்கும் முறை

பிரெஞ்சு வினையை ஒலியசைகளாகப் பிரிக்க அடிப்படை விதி ஒன்றுதான். இரண்டு உயிர்களுக்கு நடுவே ஒரு மெய் இருந்தால் அது பின்னால் உள்ள உயிரோடு சேரும். இரண்டு மெய்கள் இருந்தால் பெரும்பாலும் ஒன்று முன்னே, ஒன்று பின்னே. 'பர்-லோன்' என்று பிரிவது இப்படித்தான். ஆனால் இரண்டாவது மெய் 'ர்' அல்லது 'ல்' ஆக இருந்து முன்னது வல்லொலியாக இருந்தால் இரண்டும் சேர்ந்தே பின்னால் போகும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பிரெஞ்சில் எழுத்தைப் பிரிப்பது வேறு, ஒலியைப் பிரிப்பது வேறு. 'நாங்கள் கொடுக்கிறோம்' என்ற வினையில் என் என்ற எழுத்து இரட்டித்து வரும். வரிக் கடைசியில் இடம் போதாமல் சொல்லை உடைத்தால் இரண்டு என்களுக்கு நடுவே கோடு போடுவார்கள். சொல்லும்போது ஒரே ஒரு 'ன்' தான்: தொ-னோன். தமிழில் 'மனம்', 'மன்னன்' இரண்டிலும் னகரம் வெவ்வேறு விதமாக ஒலிக்கும். இரட்டித்தால் இரட்டித்தே சொல்ல வேண்டும். அந்தப் பழக்கத்தில் தமிழ் மாணவர் 'தொன்-னோன்' என்று அழுத்திச் சொல்வார். அதுவும் கண் செய்யும் தவறுதான்.

அழுத்தம் விழும் இடம்

அழுத்தத்துக்கு விதி இதைவிட எளிது. பிரெஞ்சில் அழுத்தம் கடைசியில் ஒலிக்கும் அசையில் விழும். ஆனால் அது தனிச் சொல்லின் கடைசி அல்ல, சேர்ந்து சொல்லப்படும் சொற்கூட்டத்தின் கடைசி.

'இல் பர்ல்' என்றால் அழுத்தம் 'பர்ல்' மேல். 'இல் பர்ல் தமூல்' (அவன் தமிழ் பேசுகிறான்) என்று நீட்டினால் அழுத்தம் வினையை விட்டுவிட்டு 'மூல்' மேல் போய்விடும். 'பேசுகிறானா?' என்று கேட்க வினையையும் பெயரையும் மாற்றிப் போடுவார்கள்: 'பர்ல் தில்?' இப்போது அழுத்தம் 'தில்' மேல். நடுவில் வந்த 'த்' யாருக்கும் சொந்தமில்லாத எழுத்து. வேறு பல வினைகளில் அந்த இடத்தில் இயல்பாகவே ஒரு 'த்' ஒலித்ததால், அவற்றைப் பார்த்து இங்கேயும் வந்து ஒட்டிக்கொண்டது. இரண்டு உயிர் சந்தித்தால் நடுவில் யகரமோ வகரமோ போடும் தமிழருக்கு இது புதிதல்ல!

தமிழில் அழுத்தம் மென்மையானது. சொல்லின் முதல் அசை சற்றே தூக்கலாக இருக்கும். 'புதுச்சேரி' என்று ஒரு முறை சொல்லிவிட்டு 'பொந்திஷெரி' என்று பிரெஞ்சுக்காரர் போலச் சொல்லிப் பாருங்கள். முன்னதில் குரல் முதலில் எழுந்து இறங்கும். பின்னதில் குரல் கடைசி 'ரி'யில் போய் நிற்கும். ஒரே ஊர், இரண்டு பெயர், இரண்டு தாளம்.

அழுத்தம் விட்டுச்சென்ற தழும்பு

இப்போது மாணவர்களை மிகவும் பயமுறுத்தும் விஷயத்துக்கு வரலாம். அது ஒழுங்கற்ற வினைகள் எனப்படும் பட்டியல்.

'அவன் வருகிறான்' என்றால் 'வியேன்'. 'நாங்கள் வருகிறோம்' என்றால் 'வ-னோன்'. 'அவன் குடிக்கிறான்' என்றால் 'ப்வா'. 'நாங்கள் குடிக்கிறோம்' என்றால் 'புய்-வோன்'. 'அவன் கடன்பட்டிருக்கிறான்' என்றால் 'த்வா'. 'நாங்கள்' என்றால் 'த-வோன்'. ஏன் ஒரே வினையின் அடிச்சொல் இப்படி மாறுகிறது? மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியில்லை என்றுதான் பலரும் நினைப்பார்கள்.

காரணம் உண்டு. பிரெஞ்சு லத்தீனிலிருந்து பிறந்த மொழி. லத்தீனில் அழுத்தம் கடைசி அசையில் விழாது. கடைசிக்கு முந்திய அசை நெடிலாகவோ மெய்யில் முடிவதாகவோ இருந்தால் அதில் விழும். இல்லையென்றால் அதற்கும் முந்தியதில் விழும். 'கடன்பட்டிருக்கிறான்' என்பது லத்தீனில் 'தேபெத்'. அழுத்தம் 'தே' மேல். 'கடன்பட்டிருக்கிறோம்' என்பது 'தேபேமுஸ்'. அழுத்தம் நடுவில் உள்ள 'பே' மேல். அதாவது ஆள் மாறும்போது அழுத்தம் அடிச்சொல்லிலிருந்து விகுதிக்கு நகர்கிறது.

பல நூற்றாண்டுகளில் கால் நாட்டில், அதாவது இன்றைய பிரான்சில், அழுத்தம் பெற்ற உயிர் ஒரு வழியில் மாறியது, அழுத்தம் இல்லாத உயிர் இன்னொரு வழியில் மாறியது. அழுத்தம் பெற்ற 'தே' மெல்ல மெல்ல 'த்வா' ஆனது. அழுத்தம் பெறாத 'தே' தேய்ந்து 'த' ஆனது. அழுத்தத்துக்குப் பின்னால் இருந்த அசைகள் எல்லாம் உதிர்ந்தன. பின்னால் இருந்தவை உதிர்ந்துவிட்டதால், அழுத்தம் இருந்த அசையே கடைசி அசையாக நின்றது. பிரெஞ்சில் அழுத்தம் கடைசிக்கு நகர்ந்து வரவில்லை. அது நின்ற இடத்திலேயே நின்றது. அதற்குப் பின்னால் இருந்த சொல்தான் இடிந்து விழுந்தது.

842ல் எழுதப்பட்ட ஸ்ட்ராஸ்பூர் உறுதிமொழிகள்தான் பிரெஞ்சின் மிகப் பழைய எழுத்துச் சான்றாகக் கருதப்படுகின்றன. அதற்குப் பிந்திய பழைய பிரெஞ்சில் இந்த இரட்டை அடிச்சொற்கள் இன்றைவிட அதிகம். 'அன்பு செய்' என்ற வினையே அப்படித்தான் இருந்தது. 'அவன்' என்றால் 'எம்', 'நாங்கள்' என்றால் 'அ-மோன்'. லத்தீனின் 'அமத்', 'அமாமுஸ்' என்ற இரண்டிலிருந்து வந்த வேறுபாடு அது. பிறகு மக்கள் பேச்சில் எல்லாவற்றையும் ஒன்றாக்கி 'எம்', 'எ-மோன்' என்று சமப்படுத்திவிட்டார்கள். 'நண்பன்' என்பதற்கான 'அமி', 'காதல்' என்பதற்கான 'அமூர்' ஆகிய சொற்களில் மட்டும் பழைய அகரம் மிச்சமிருக்கிறது.

இந்தச் சமப்படுத்தல் ஒரே நாளில் நடக்கவில்லை. 'கண்டுபிடி' என்ற வினையில் இன்று 'த்ரூவ்' என்று சொல்லும் இடத்தில், மொலியேர் 1666ல் அரங்கேற்றிய 'மிசாந்த்ரோப்' நாடகத்தில் பழைய 'த்ரெவ்' வடிவம் வருகிறது. 8 ஆண்டுகள் கழித்து மர்த்தேன் புதுச்சேரிக்கு வந்தார். அதாவது பிரெஞ்சு வினைகள் பாரிசிலேயே இன்னும் முழுதாக அடங்காத காலத்தில் அவை வங்கக் கடலோரம் வந்து இறங்கின.

அடிக்கடி பயன்படும் வினைகள் மட்டும் சமப்படுத்தலுக்குப் பணியவில்லை. வா, குடி, முடியும், வேண்டும், சாவு போன்றவை. தினமும் நாவில் புழங்குவதால் பழைய வடிவம் மறக்கவே இல்லை. ஒழுங்கற்ற வினைகள் எனப்படுபவற்றில் பல உண்மையில் பழைய ஒழுங்கின் எச்சங்கள். நான், நீ, அவன், அவர்கள் என்ற நான்கில் ஒரு அடிச்சொல், நாங்கள், நீங்கள் என்ற இரண்டில் இன்னொரு அடிச்சொல். முதல் நான்கில் அழுத்தம் அடிச்சொல்லில் இருந்தது, பின் இரண்டில் விகுதியில் இருந்தது. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மனப்பாடச் சுமை பாதியாகக் குறையும்.

'பர்லெண்ட்' என்று படிக்கத் தூண்டிய அந்த 3 எழுத்துகளின் கதையும் இதுதான். லத்தீனில் அந்த விகுதி முழுமையாக ஒலித்தது. அழுத்தத்துக்குப் பின்னால் நின்றதால் தேய்ந்தது, பிறகு சத்தமே இல்லாமல் போனது. எழுத்து மட்டும் நினைவுச் சின்னம் போல நிற்கிறது. விகுதிகள் தேயத் தேய, முன்னால் நிற்கும் 'ழ', 'துய்', 'இல்' கட்டாயம் ஆகிவிட்டன.

பள்ளிக்கூடமும் இலக்கணப் புத்தகமும்

ஆங்கிலேயரோடு நடந்த போர்களுக்குப் பின் 1816–17ல் புதுச்சேரி மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது. 1826ல் இன்றைய லிசேயின் முன்னோடியான கல்லூரி தொடங்கப்பட்டது. அப்போது பிரெஞ்சு எழுத்துக்கூட்டலே மாற்றத்தின் நடுவில் இருந்தது. 'பேசிக்கொண்டிருந்தேன்' என்ற இறந்தகால வடிவம் 'பர்லே' என்று ஒலித்தாலும், அதன் விகுதியை ஓ, ஐ என்ற எழுத்துகளால் எழுதுவதே பழைய மரபு. அதை ஏ, ஐ என்று ஒலிக்கு நெருக்கமாக பிரெஞ்சு அகாதெமி தன் அகராதியின் 1835 பதிப்பில்தான் ஏற்றுக்கொண்டது. பிரெஞ்சுக்காரர்களுக்கே எழுத்துக்கும் சத்தத்துக்கும் இடையே தகராறு இருந்தது என்பது இதிலிருந்து தெரியும்.

புதுச்சேரி மிஷன் அச்சகத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டில் முக்கியமான நூல்கள் வந்தன. முசே, துய்ப்புய் என்ற இரு பாதிரியார்கள் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி 1855லும் 1862லும் இரண்டு பாகங்களாக வெளிவந்தது. (இங்கே 'முசே' என்பது ஒருவரின் பெயர், ஐயா என்ற சொல் அல்ல!) தமிழரும் பிரெஞ்சுக்காரரும் ஒருவர் மொழியை மற்றவர் படிக்க அச்சிட்ட கருவிகள் கிடைத்த காலம் இது. எதிர்த் திசையிலும் பயணம் நடந்தது. காரைக்காலில் வளர்ந்த ழூலியேன் வேன்சோன் பாரிசில் தமிழ் கற்பித்தார், 1903ல் அங்கே தமிழ் மொழிக் கையேடு ஒன்றை வெளியிட்டார். புதுச்சேரிக் கவிஞர் வாணிதாசனும் பிற்காலத்தில் தமிழ்–பிரெஞ்சுக் கையகராதி ஒன்றை உருவாக்கினார்.

அகராதி சொல்லுக்குப் பொருள் தரும். ஆனால் எந்த அசையில் குரல் நிற்க வேண்டும், எந்த எழுத்தை விழுங்க வேண்டும் என்பதைத் தாள் சொல்லாது. அது ஒரு வாயிலிருந்து ஒரு காதுக்குத்தான் போக வேண்டும். புல்வாருக்கு உள்ளே வளர்ந்த குழந்தைக்கு அந்த வாய் வீட்டிலேயே இருந்தது. பேட்டையில் வளர்ந்த குழந்தைக்கு ஆசிரியரின் வாய் மட்டுமே இருந்தது. ஒரே புத்தகத்தைப் படித்தாலும் இருவரும் ஒரே இடத்திலிருந்து தொடங்கவில்லை.

தமிழ் இலக்கணம் தரும் சாவி

ஆனால் பேட்டைக் குழந்தையிடம் வேறொரு செல்வம் இருந்தது. அது தமிழ் இலக்கணம்.

பிரெஞ்சில் 'ஊமை ஈ' என்று ஓர் எழுத்து உண்டு. 'பர்ல்' என்பதன் கடைசியில் எழுதப்படுவது அதுதான். அதற்கு நெருங்கிய உறவு தமிழில் குற்றியலுகரம். தொல்காப்பியம் சார்பெழுத்தாக வைத்து அரை மாத்திரை கொடுத்த எழுத்து அது. இரண்டுக்கும் உள்ள ஒற்றுமைகளைப் பாருங்கள்.

ஒன்று: பின்னால் உயிர் வந்தால் இரண்டும் ஓடிவிடும். 'நாடு' என்பதோடு 'இல்லை' சேர்ந்தால் 'நாடில்லை'. பிரெஞ்சில் 'ழ' என்பதோடு 'எம்' சேர்ந்தால் 'ழெம்' (நான் அன்பு செய்கிறேன்).

இரண்டு: செய்யுளில் இரண்டுக்கும் தனிக் கணக்கு. வெண்பாவின் கடைசிச் சீர் 'காசு', 'பிறப்பு' என்ற வாய்பாட்டில் முடியலாம். அங்கே அந்தக் குற்றியலுகரம் தனி அசையாக எண்ணப்படாமல் முன் அசையோடு ஒட்டிக்கொள்ளும். பிரெஞ்சின் 12 அசை அடியிலும் கடைசியில் ஊமை ஈ வந்தால் அதை 13 என்று எண்ண மாட்டார்கள். அடியின் நடுவில் மெய்க்கு முன்னால் வந்தால் மட்டும் எண்ணுவார்கள்.

வேற்றுமை என்னவென்றால், குற்றியலுகரம் குறைந்தாலும் காதில் விழும். ஊமை ஈ பாரிஸ் பேச்சில் பெரும்பாலும் விழுவதே இல்லை. ஆனால் சில இடங்களில் அந்த ஊமை வாய் திறக்கும். 'அதைக் கொடு' என்ற ஏவலில் 'தொன்-ல' என்று சொல்லும்போது, கடைசியில் நிற்கும் 'ல' ஊமை ஈயில் முடிந்தாலும் அழுத்தத்தையே பெற்றுக்கொள்கிறது. கடைசி அசைக்கு அழுத்தம் என்ற விதி அவ்வளவு வலுவானது.

அடுத்தது புணர்ச்சி. மெய்யில் முடியும் சொல்லுக்குப் பின் உயிரில் தொடங்கும் சொல் வந்தால் இரண்டும் ஒன்றாகிவிடும் என்பது நன்னூல் படித்தவர்களுக்குத் தெரிந்த செய்தி. 'அவன் அங்கே' என்பது வாயில் 'அ-வ-னங்-கே' ஆகும். பிரெஞ்சிலும் அதேதான். 'இல் எம்' (அவன் அன்பு செய்கிறான்) என்பது 'இ-லெம்' ஆகும். 'அவர்கள் அன்பு செய்கிறார்கள்' என்பதில் 'இல்' என்ற சொல்லின் கடைசியில் ஒலிக்காத ஓர் எஸ் இருக்கிறது. பின்னால் உயிர் வந்ததும் அது உயிர்பெற்று, வண்டின் ரீங்காரம் போன்ற ஒலியோடு அடுத்த அசைக்குத் தாவும்: 'இல்-ஃஸெம்'. ஒருமைக்கும் பன்மைக்கும் காதில் உள்ள வேறுபாடு அந்த ஒரே ஒலிதான். விகுதி செய்ய வேண்டிய வேலையைப் புணர்ச்சி செய்கிறது!

யாப்பின் அசையும் பிரெஞ்சு ஒலியசையும் முழுக்க ஒன்றல்ல. நிரையசையில் இரண்டு உயிர் இருக்கும், பிரெஞ்சு ஒலியசையில் ஒன்றுதான் இருக்கும். ஆனால் எழுத்து வேறு, ஒலியின் அளவு வேறு என்று முதலில் கற்றுக்கொடுத்தது தமிழ் யாப்பு. அந்தப் பாடத்தை ஒன்பதாம் வகுப்பில் படித்துவிட்டு, பக்கத்து வகுப்பில் பிரெஞ்சு வினையை எழுத்து எழுத்தாகப் படிப்பது ஒரு விந்தை.

இன்றைய கேள்வி

1954 நவம்பர் 1ல் புதுச்சேரி இந்தியாவோடு நடைமுறையில் இணைந்தது. 1956ல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16ல் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்காத வரை பிரெஞ்சு ஆட்சி மொழியாக நீடிக்கும் என்று அந்த ஒப்பந்தம் கூறியது. ஆனால் ஒப்பந்தத்தால் ஒரு மொழியைக் காதில் ஒலிக்கவைக்க முடியாது. அலுவலகங்களில் ஆங்கிலமும் தமிழும் வந்தன. பிரெஞ்சு கேட்கும் இடங்கள் சுருங்கின.

இன்று புதுச்சேரியில் பிரெஞ்சு படிப்பவர்களில் இரண்டு வகை உண்டு. பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பிள்ளைகள் ஒரு வகை. மதிப்பெண் நன்றாகக் கிடைக்கும் என்று மொழிப் பாடமாக எடுப்பவர்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகையினர் வினை அட்டவணையை ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் எழுதிவிடுவார்கள். தேர்வுத்தாளில் 'அவர்கள்' வடிவத்துக்கு அந்த 3 எழுத்துகளைப் போட்டால் முழு மதிப்பெண். அது ஒலிக்காது என்று தெரிந்திருக்கிறதா என்று தாள் கேட்பதில்லை. தெரியாதவர் பிறகு ஒரு வாய்மொழித் தேர்விலோ, நேர்காணலிலோ, வெளிநாட்டு விமான நிலையத்திலோ நிற்கும்போது சிக்கிக்கொள்கிறார். தான் எழுதிய மொழியைத் தானே கேட்டுப் புரிந்துகொள்ள முடியாத நிலை அது. குறை மாணவரிடம் இல்லை. எழுத்தை மட்டும் அளக்கும் முறையில் இருக்கிறது.

ஒரு காலத்தில் பள்ளிக்கே போகாத முத்தியால்பேட்டைக்காரர் 'முசே' என்றும் 'சொல்தா' என்றும் அழுத்தம் பிசகாமல் சொன்னார், ஏனென்றால் அவர் கேட்டுப் படித்தார். பிரெஞ்சு வினையை அப்படிக் கேட்டுப் படிக்க இன்று வானொலி, திரைப்படம், இணையம் எல்லாம் உண்டு. வினை அட்டவணையின் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டு, ஒவ்வொரு வடிவமும் எத்தனை ஒலியசை, குரல் எதில் நிற்கிறது என்று குறித்துக்கொண்டால் போதும். 'பர்ல்' 1, 'பர்-லோன்' 2, 'பர்-லே' 2. குற்றியலுகரம் தெரிந்த பிள்ளைகளுக்கு இது ஒரு நாள் வேலைதான்.